பிரிக்கப்படாத பெட்டிகள்: களைத்துப்போன ஒரு தகப்பனின் இரவுச் செலவுகள்

மனநல ஆலோசகரான என்னை முதலில் பார்க்க வந்தவர் மனைவிதான். கையில் கிரெடிட் கார்டு கணக்கின் மூன்று மாத அச்சுப்படி. வரிக்கு வரி மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார். "குடிப்பழக்கம் கிடையாது, சூதாட்டம் கிடையாது. ஆனால் பணம் எங்கே போகிறது என்று நீங்களே பாருங்கள். கேட்டால், பிள்ளைகளுக்குத்தானே வாங்கினேன் என்கிறார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?" என்றார். கோடு போட்டிருந்த வரிகளைக் கூட்டிப் பார்த்தேன். கணவருடைய மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

அடுத்த வாரம் கணவரும் வந்தார். வயது 38. மகளுக்கு ஏழு வயது, மகனுக்குப் பதினாறு மாதம். மனைவிக்கு வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் இரவுப் பணி. அந்த இரவுகளில் குழந்தைகள் இருவரும் இவர் பொறுப்பு. இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு மாதங்கள் நீண்ட இந்த நிகழ்வை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதல் ஆறு வாரங்கள் நான் கொடுத்த யோசனைகள் அவருடைய நிலையை இன்னும் மோசமாக்கின. அது ஏன் என்று புரிந்த பிறகுதான் வழி பிறந்தது.

அலமாரியின் மேல்தட்டு

வாங்கியவற்றை எல்லாம் படம் எடுத்து வரச் சொன்னேன். ஒரே ஒரு படம்தான் கொண்டுவந்தார். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, கூரை வரை அட்டைப்பெட்டிகள். 48 வண்ணங்கள் கொண்ட ஓவியப் பெட்டி, மணி பார்க்கக் கற்றுத்தரும் மரக் கடிகாரம், சிறிய தொலைநோக்கி, இரண்டு கதைப் புத்தக வரிசைகள், விதை போட்டுச் செடி வளர்த்துப் பார்க்கும் தொகுப்பு, பொம்மைகளை அடுக்கி வைக்கப் பெயர் எழுதிய பெட்டிகள், சுவரில் மாட்டும் வாராந்தர அட்டவணைப் பலகை. ஏறக்குறைய எல்லாவற்றின் மேலும் ஒட்டுநாடா கிழிபடாமல் அப்படியே இருந்தது. அவருக்கென்று வாங்கியது ஒன்றுகூட இல்லை.

"மகள் கேட்பாள். அப்பா, அதை எப்போது பிரிப்போம் என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை என்பேன். இப்போது அவள் கேட்பதில்லை" என்றார். சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அந்த அமர்வில் அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசவில்லை.

அந்தப் பெட்டிகளை நான் முதலில் செலவாகத்தான் பார்த்தேன். வெகுநாள் கழித்தே வேறொன்றாகப் படித்தேன்.

அவருடைய ஒரு நாள்

காலை ஐந்தே முக்காலுக்கு மகன் எழுந்துவிடுவான். ஏழரைக்கு மகளைப் பள்ளிக்கும் மகனைக் காப்பகத்துக்கும் அனுப்பியாக வேண்டும். பிறகு வேலை. மாலை ஆறு மணிக்கு இருவரையும் அழைத்துக்கொண்டு வீடு. சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், சண்டை, சமாதானம், தூக்கம். மகள் தூங்க ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். மகன் இரவில் இரண்டு தடவையாவது விழித்து அழுவான். சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கி எத்தனை மாதமாயிற்று என்று கேட்டேன். மகனுடைய வயதைச் சொன்னார்.

இத்தனை களைப்பில் ஒன்பதரைக்கே படுத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "தூங்கினால் உடனே காலை வந்துவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் என்னுடையது."

சோபாவில் சாய்வார். டிவி போட்டால் மகன் விழித்துக்கொள்வான். யாருக்காவது போன் செய்யலாம் என்றால் எல்லோரும் தூங்கப்போகும் நேரம். கையில் இருப்பது கைப்பேசி ஒன்றுதான். அதில் கடை எப்போதும் திறந்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று அறிவிப்பும் வந்துவிடும்.

நோயா, களைப்பா?

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. கட்டுப்பாடில்லாமல் வாங்கும் நிலையை ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் 1915ஆம் ஆண்டே மனநோய் நூலில் பதிவு செய்திருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் அதையும் ஓர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. தவிர, மனநிலை மிகை உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனையக் கோளாறின் எழுச்சிக் கட்டத்தில் மனிதர்கள் வாரி இறைத்துச் செலவு செய்வார்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் டோபமின் வகை மருந்துகள் சிலருக்கு இதே விளைவைத் தரும் (டோபமின் என்பது மூளை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்). ஆகவே மருத்துவரிடம் அனுப்பாமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

மருத்துவர் இவரிடம் அப்படி எதையும் காணவில்லை. தூக்கம் குறைந்தும் உற்சாகமாக இருக்கும் நிலை இவருக்கு இல்லை. தூக்கம் குறைந்ததால் துவண்டிருந்தார். பகலில் கடைத்தெரு வழியாக நடந்தால் எதன் மேலும் கண் போகவில்லை. மாமியார் வந்து தங்கிய பத்து நாட்களில் ஒரு பொருள்கூட வாங்கவில்லை. அந்தப் பத்து நாட்களைப் பற்றி மனைவி போகிற போக்கில்தான் சொன்னார். நான் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டு மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது.

பெற்றோரின் சோர்வை அளக்க பெல்ஜியத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்கம், மொய்ரா மிகோலைசாக் குழுவினர் 2018இல் வெளியிட்ட 23 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொன்னேன். அது நான்கு விஷயங்களைக் கேட்கிறது: பெற்றோர் என்ற பொறுப்பிலேயே வற்றிப்போவது, 'நான் முன்பு இப்படிப்பட்ட தகப்பன் இல்லையே' என்ற உறுத்தல், போதும் போதும் என்ற சலிப்பு, குழந்தைகளிடமிருந்து மனதால் விலகிப்போவது. முதல் இரண்டிலும் அவர் மிக அதிகமாக மதிப்பெண் போட்டிருந்தார். விலகல் குறைவு. குழந்தைகள் மேல் பாசம் குன்றவில்லை. அதைச் செலுத்தத்தான் தெம்பில்லை.

நான் செய்த தவறு

செலவு அதிகமாகிறது என்று வந்தவருக்கு வரவுசெலவுப் பட்டியலைக் கொடுத்தேன். கடைச் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொன்னேன். எதையும் வாங்கும் முன் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று விதி போட்டேன். மூன்றும் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிற அறிவுரைகள்தான். தெம்பாக இருக்கும் மனிதருக்கு அவை உதவவும் செய்யும்.

எட்டு நாள் தாக்குப்பிடித்தார். ஒன்பதாம் நாள் மகள் வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்று அடம்பிடிக்க, இவர் கத்திவிட, அவள் அழுதுகொண்டே தூங்கிப்போனாள். பத்தரை மணிக்குச் செயலியை மீண்டும் இறக்கினார். அதற்கு ஆன நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. எழுத்துப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை வாங்கினார். விதி உடைந்துவிட்டது என்றதும் அதே இரவில் இன்னும் இரண்டு.

குடியையும் அது போன்ற பழக்கங்களையும் ஆராய்ந்த ஆலன் மார்லட் 1980களில் இதை விளக்கியிருக்கிறார். முழுக் கட்டுப்பாடு என்று சபதம் எடுத்தவர் ஒருமுறை வழுக்கினால், 'நான் தோற்றவன்' என்ற எண்ணம் அவரை அடுத்த வழுக்கலுக்குத் தள்ளும். முதல் சறுக்கலைவிட அதைத் தொடரும் அந்த எண்ணமே அதிகச் சேதம் செய்யும். தெரிந்திருந்தும் நான் சபதத்தைத்தான் அவர் கையில் கொடுத்திருந்தேன்.

அதைவிடக் கொடுமை பிறகு தெரிந்தது. பார்சல்களை வீட்டு முகவரிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு அலுவலக முகவரிக்கு வரவழைத்தார். அங்கேயே பெட்டியைப் பிரித்து, உள்ளிருப்பதைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். செலவு மறைவுக்குப் போய்விட்டது. முன்பு வெறும் செலவாளியாக இருந்தவர் இப்போது பொய் சொல்கிறவராகவும் ஆனார். ஆறாவது வாரம் இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் எழும்பவில்லை. அந்தப் பட்டியலையும் விதியையும் அன்றே கைவிட்டேன்.

நான்கு பத்தி நோட்டு

அடுத்த மூன்று வாரம் எதையும் கட்டுப்படுத்த வேண்டாம் என்றேன். ஒரு சிறு நோட்டில் நான்கு பத்திகள் மட்டும். கை கடைச் செயலியின் கூடைக்குப் போன நேரம். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வீட்டில் நடந்தது. முந்தைய இரவுத் தூக்கம். பொருளின் பெயர். விலை எழுதவே கூடாது என்றேன். விலையைப் பார்த்தால் அவமானம் முந்திக்கொள்ளும். அவமானம் வந்தால் நோட்டு மூடிவிடும்.

மூன்று வாரத்தில் 31 வரிகள். அவற்றில் 24, இரவு 9:45க்கும் 11:30க்கும் இடையில். 22 வரிகள் மனைவி பணியில் இருந்த இரவுகளில். ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்த நாட்கள் ஐந்து. அந்த ஐந்து நாட்களுக்கும் சேர்த்து இரண்டே வரிகள்.

இரண்டாவது பத்திதான் என்னை நிறுத்தியது. "மகளிடம் கத்தினேன்" என்ற வரிக்கு நேராக, மகளுக்கான எழுத்துப் பயிற்சித் தொகுப்பு. "நட்சத்திரம் பற்றிக் கேட்டாள், அப்புறம் சொல்கிறேன் என்றேன்" என்ற வரிக்கு நேராக நட்சத்திர வரைபடம். "வீடு குப்பையாகக் கிடக்கிறது" என்பதற்கு நேராக அடுக்குப் பெட்டிகள். ஒவ்வொரு பொருளும் அன்றைக்குச் செய்ய முடியாமல் போன ஒன்றின் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தொலைநோக்கியை அவர் குழந்தைக்காக வாங்கவில்லை. மொட்டைமாடியில் குழந்தையோடு உட்கார்ந்து வானத்தைக் காட்டும் ஒரு தகப்பனுக்காக வாங்கினார். அந்தத் தகப்பனுக்கு நேரம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. அவரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் முன்பு அப்படித்தான் இருந்தேன்" என்றார்.

பத்தரை மணிக்கு என்ன நடக்கிறது

வாங்குவதால் மனம் தேறுவது வெறும் கற்பனை இல்லை. 2014இல் ஸ்காட் ரிக்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சோகத்தில் இருந்தவர்கள் பொருட்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைக்காத ஆறுதல், தாங்களே தேர்ந்தெடுத்தபோது கிடைத்தது. காரணம், தேர்ந்தெடுக்கும்போது 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்ற உணர்வு திரும்புகிறது என்றார்கள். இவருடைய நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5:45 முதல் இரவு 9:30 வரை, எது எப்போது நடக்கும் என்பதை மகனின் அழுகையும் பள்ளி மணியும் மேலாளரும்தான் தீர்மானிக்கிறார்கள். அவர் தானாகத் தீர்மானித்த முதல் விஷயம், இந்த நீலப் பெட்டியா, பச்சைப் பெட்டியா என்பதுதான்.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் 1990களில் ஒன்றைக் காட்டின. பழகிய பிறகு, டோபமின் நரம்பணுக்கள் பழரசம் வாயில் விழும்போது துடிப்பதில்லை; அது வரப்போகிறது என்ற அறிகுறி தெரிந்ததுமே துடிக்கின்றன. மனிதரின் கடைக்கூடையும் குரங்கின் பழரசமும் ஒன்றல்ல. ஆனாலும், பெட்டி வந்து சேர்ந்த பிறகு அவர் அதைத் திறக்காததை நான் இதைக் கொண்டுதான் புரிந்துகொண்டேன். அவருக்கு வேண்டியது பத்தரை மணிக்கே கிடைத்துவிட்டது.

மூன்றாவது, பணம் போகும்போது வலிக்க வேண்டிய இடம் மரத்துப்போயிருந்தது. பணம் கொடுப்பதில் ஒரு வலி உண்டென்றும், அந்த வலிதான் செலவுக்குக் கடிவாளம் என்றும் டிரேசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் 1998இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. 2017இல் அது காலாவதியானதும் அந்த முறை யாருக்கும் பொது. இவருடைய கைப்பேசியில் கார்டு எண் சேமிக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதம் கட்டலாம் என்ற வசதி மூன்று செயலிகளில் இருந்தது. வலி தெரியும் நாள் 40 நாட்கள் தள்ளிப் போயிருந்தது.

இதோடு தூக்கமின்மை. ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்கள் இழப்பைத் தவிர்ப்பதைவிட லாபத்தைத் துரத்துவதிலேயே நாட்டம் கொள்கிறார்கள் என்று வினோத் வெங்கட்ராமன், மைக்கேல் சீ உள்ளிட்டோர் 2011இல் காட்டினார்கள். மனவலிமை பேட்டரி போல நாள் முழுக்கத் தீர்ந்து இரவில் காலியாகிவிடும் என்ற விளக்கத்தை நானும் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. அதனால் இவரிடம் அதைச் சொல்லவில்லை. 'உங்களுக்கு மனவலிமை தீர்ந்துவிட்டது' என்று கேட்பதும், 'உங்களுக்குத் தூக்கம் வேண்டும்' என்று கேட்பதும் ஒன்றா? முதலாவது மனிதரையே குறை சொல்கிறது.

கூடை இருக்கட்டும், கார்டு வேண்டாம்

தேர்ந்தெடுப்பதுதான் ஆறுதல் என்றால், அதைப் பிடுங்கக் கூடாது. பணம் கட்டுவதை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். இரவில் எவ்வளவு வேண்டுமானாலும் கூடையில் போடட்டும் என்று முடிவு செய்தோம். எல்லாச் செயலியிலிருந்தும் கார்டு எண்ணை நீக்கினார். அறிவிப்புகளை நிறுத்தினார். தவணை வசதிகள் இரண்டை மூடினார். கார்டு அலுவலக மேசையின் இழுப்பறைக்குப் போனது. மனைவியிடம் கொடுக்கிறேன் என்றுதான் அவர் முதலில் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். மனைவியைக் காவலாளி ஆக்கினால், கணவர் மறுபடி ஒளிப்பதற்கு வழி தேடுவார்; மனைவிக்கும் ஏற்கெனவே இருக்கும் வேலை போதும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் சேர்ந்து கூடையைத் திறப்பது என்று ஏற்பாடு. முதல் சனிக்கிழமை கூடையில் 14 பொருட்கள் இருந்தன. அவற்றில் பாதியை எதற்காகப் போட்டோம் என்றே அவருக்கு நினைவில்லை. வாங்கியது ஒன்றுதான், மகனுக்குச் செருப்பு. பழைய செருப்பு உண்மையிலேயே கடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை கூடையில் ஒரு ஹெட்போன் இருந்தது. அவருக்கென்று அவர் போட்ட முதல் பொருள். தானே நீக்கப்போனவரை மனைவி தடுத்திருக்கிறார். "இதை வாங்குங்கள். இரவில் பாட்டாவது கேட்கலாமே." அதை என்னிடம் சொல்லும்போது கணவர் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே இடத்தையும் செயலையும் கட்டி வைக்கும் முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கியிருக்கிறார். வெறுமனே 'இனி வாங்க மாட்டேன்' என்று உறுதி எடுப்பதைவிட அது வலுவானது. இவருக்கு நாங்கள் கட்டியது: சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் தொட்டால், முதலில் குழந்தைகளின் படத் தொகுப்பைத் திறப்பேன். ஆயிரக்கணக்கில் குவிந்துகிடந்த படங்களில் வைத்துக்கொள்ள வேண்டியது எது, அழிக்க வேண்டியது எது என்று பத்து நிமிடம் தேர்ந்தெடுப்பது. அதிலும் தேர்வு இருக்கிறது. வருடக் கடைசியில் ஓர் ஆல்பம் வரும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. பாதி இரவுகளில் இது வேலை செய்தது. மீதிப் பாதியில் படத்தை மூடிவிட்டுக் கூடைக்குப் போனார். பரவாயில்லை, கார்டுதான் அங்கே இல்லையே.

இருவர் பேசியது

இதெல்லாம் ஓட்டையை அடைக்கும் வேலை. உள்ளே வற்றியிருப்பதை நிரப்ப வேண்டுமென்றால் தூக்கம் வேண்டும், கை மாற்ற ஆள் வேண்டும். அந்தப் பேச்சை நான்காவது மாதம்தான் எடுக்க முடிந்தது. மாமியார் தங்கிய பத்து நாட்களை நான் நினைவுகூர்ந்ததும் அப்போதுதான்.

மனைவி கேட்டார்: "இவ்வளவு களைப்பாக இருக்கிறீர்கள் என்று என்னிடம் ஒருநாள்கூடச் சொன்னதில்லையே?"

"நீ விடிகாலையில் அதைவிடக் களைத்துப்போய் வருகிறாய். உன்னிடம் போய் எப்படிச் சொல்வேன்?"

"சொல்லாமல் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினீர்கள். நான் அதைப் பார்த்து, வீட்டைப் பற்றிக் கவலையே இல்லாத மனிதர் என்று நினைத்துவிட்டேன்."

மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண்ணும் தூங்காதவர்தான். பகலில் திரை இழுத்து மூடிய அறையில் மூன்று மணி நேரம், அதுவும் காப்பகத்திலிருந்து போன் வருமோ என்ற காதோடு. அவருடைய கோபத்தை முதல் மாதத்தில் நான் பணத்தைப் பற்றிய கோபமாக மட்டும் எடுத்துக்கொண்டேன். அவரையும் அந்த 23 கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு இன்னும் ஆறாத குறை அது.

பெரிய மாற்றங்களுக்கு அவர்களிடம் வழி இல்லை. மனைவி தன் பணி அட்டவணையில் தொடர்ந்து மூன்று இரவுகள் வராதபடி மாற்றிக் கேட்டு வாங்கினார். அவர் வீட்டில் இருக்கும் இரண்டு இரவுகளில் கணவர் ஒன்பதரைக்கே வேறு அறையில் படுப்பது, மகன் அழுதால் எழுந்திருக்காமல் இருப்பது. அதற்குப் பதிலாக இரண்டு பகல்களில் காப்பகத்துப் போன் கணவருக்குப் போகும். மனைவியின் தங்கை சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். மகளின் வீட்டுப்பாடத்தை இரவிலிருந்து மாலை ஆறரைக்கு மாற்றினோம். இந்தக் கடைசி ஒன்று சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நோட்டின் இரண்டாவது பத்தியில் "கத்தினேன்" என்ற சொல் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது.

கடன்

கிரெடிட் கார்டிலும் மூன்று தவணை வசதிகளிலும் நிலுவை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்ததால் பெரும்பகுதி வட்டிக்கே போயிற்று, அசல் அசையவில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடைப்பது என்று தொடங்கினார்கள். கார்டின் வரம்பைக் குறைக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் சமமாக ஒரு சிறு தொகை, அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை. இதைக் கடன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர். இப்போதே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தனக்கென்று எதுவுமே மிச்சமில்லாத மனிதர்தான் இரவில் களவாகத் தேடினார்.

திருப்பி அனுப்பும் கெடு தாண்டாத பெட்டிகள் நான்கு இருந்தன; அனுப்பினார்கள். சிலவற்றைத் தெரிந்தவர்களின் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். மிச்சமிருந்தவற்றில் ஒன்றை மகளே தேர்ந்தெடுக்க வேண்டும், அம்மா வீட்டில் இருக்கும் ஒரு மாலையில், இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றேன். அவள் 48 வண்ணப் பெட்டியை எடுத்தாள். ஒட்டுநாடாவை அவளே பல்லால் கிழித்தாள். தரையில் தாளைப் பரப்பி இருவரும் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தகப்பன் அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனார். கண் விழித்தபோது இடது கை முழங்கை வரை நீலமும் பச்சையுமாக இருந்தது. அவருடைய கையைத் தாளாக்கி மகள் கடல் வரைந்திருந்தாள். அடுத்த நாள் என்னைப் பார்க்க வந்தபோதும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. அதை அவர் தேய்த்துக் கழுவ முயன்றதாகவும் தெரியவில்லை.

எட்டாம் மாதம்

இரவுச் செலவு சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கிலிருந்து முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கிறது. தவணைக் கணக்குகள் மூன்றும் அடைந்துவிட்டன. கார்டில் இன்னும் ஐந்து மாதக் கடன் இருக்கிறது. அலுவலகத்துக்குப் பார்சல் போவதில்லை. மகன் இன்னும் ஒரு தடவை விழிக்கிறான். தொலைநோக்கி இன்னும் பிரிக்கப்படவில்லை. அதைப் பற்றி நான் கேட்பதுமில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு சறுக்கல். மகனுக்குக் காய்ச்சல், மனைவி பணியில். கார்டு எண்ணை மனப்பாடமாகவே அறிந்திருந்த அவர் அதைத் தட்டிப் போட்டு, சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றும் மூன்று கதைப் புத்தகங்களும் வாங்கினார். ஆனால் ஒளிக்கவில்லை. நோட்டில் இப்படி எழுதியிருந்தார்: "10:52. காய்ச்சல் 102. பயமாக இருந்தது. தூக்கம் 3 மணி நேரம். வெப்பமானி, புத்தகம். வேண்டியதில்லை என்று தெரிந்தே வாங்கினேன்."

அந்த வரிக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரே சொல் இருந்தது. மனைவி எழுதியது. "அழைத்திருக்கலாமே."

அடுத்த மாதம் மகளுக்கு இருமல் முற்றிய இரவில் மனைவியின் பணியிடத்துக்கு அழைத்தார். ஓய்வு நேரம் வரவில்லை என்பதால் நான்கு நிமிடம்தான் பேச முடிந்தது. நோட்டில் அன்றைய வரி இருக்கிறது: "11:05. இருமல். தூக்கம் 4." பொருளின் பெயருக்கான பத்தியில் ஒரு சிறு கோடு இழுத்திருக்கிறார்.